சொந்தமாக ஒரு மீடியா பிளேயர்: கேள்வி பதில்

கேள்வி: பி.காம் படித்தவன். புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது. எனக்கென்று ஒரு பிளேயர் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது அண்ணா?

பதில்: செய்ய ஒரு பொருள் மனதில் இருப்பவர்கள்தான் பாதியில் விடாமல் கற்கிறார்கள். தைரியமாகத் தொடங்குங்கள். முதலில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் லூப், ஃபங்ஷன், ஃபைலைத் திறந்து படிப்பது, இவ்வளவு போதும். அப்புறம் ஒரு வேவ் ஃபைலை (பொதுவாகச் சுருக்காத ஒலி ஃபைல்) எடுத்து பைட் பைட்டாகப் படியுங்கள். சி.டி. தரம் என்றால் நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்த எண்கள்), ஒவ்வொன்றும் 2 பைட், இரண்டு சேனல். ஆக நொடிக்கு 1,76,400 பைட். பாட்டின் நீளத்தை இந்தக் கணக்கிலேயே சொல்லிவிடலாம்.

தொடக்கத்தில் 44 பைட் தலைப்பு, அதன்பின் ஒலி என்று பல பாடங்களில் எழுதியிருப்பார்கள். நானும் நம்பி 45-வது பைட்டிலிருந்து ஓடவிட்டேன். சில பாட்டுகள் மட்டும் 'டிக்' என்ற சத்தத்தோடு தொடங்கின. இரண்டு ராத்திரி ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால், இடையில் 'லிஸ்ட்' என்று இன்னொரு துண்டு, அதற்குள் பாடகர் பெயர். அந்த எழுத்துகளைத்தான் ஒலியாக வாசித்திருக்கிறேன்! ஒவ்வொரு துண்டின் பெயரையும் அளவையும் படித்து, 'டேட்டா' வரும்வரை தாண்டிப் போக வேண்டும்.

பொத்தான், நிறம், ஸ்கின் எதையும் இப்போது தொடாதீர்கள். முதலில் ஒலி வரட்டும்.

கேள்வி: பைத்தானா, சி++ஆ?

பதில்: புதியவருக்குப் பைத்தான். வேறு மொழி தெரிந்தால் அதிலேயே செய்யுங்கள்.

கேள்வி: எம்பி4 வீடியோவுக்கு, சுருக்கத்தை அவிழ்க்கும் டிகோடரையும் நானே எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2000-ல் ஃபப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. அதன் லிப்ஏவிஃபார்மட் ஃபைலைப் பிரித்துக் கொடுக்கும், லிப்ஏவிகோடெக் சுருக்கத்தை அவிழ்க்கும். ஆனால் 1920-க்கு 1080 ஃபிரேம் (வீடியோவின் ஒரு படம்) ஒன்றை அவிழ்த்தால் வழக்கமான வடிவில் சுமார் 3.1 மெகாபைட். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 78 மெகாபைட். மொத்தமாக அவிழ்த்து வைக்காதீர்கள், மெமரி தாங்காது. சில ஃபிரேம்கள் மட்டும் வரிசையில் நிற்கட்டும்.

கேள்வி: விஎல்சி பிளேயரின் லைப்ரரியான லிப்விஎல்சியை வைத்துச் சில வரிகளிலேயே செய்துவிட்டேன். "இது உன் பிளேயரே இல்லை" என்கிறான் நண்பன்.

பதில்: உங்களுடையதுதான். விஎல்சியே பல கோடெக்குகளுக்கு (சுருக்கி அவிழ்க்கும் முறைகள்) லிப்ஏவிகோடெக்கைத்தான் பயன்படுத்துகிறது.

கேள்வி: அந்த நண்பன் நான்தான். மாவு கடையில் வாங்கினாலும் தோசை நாம் சுட வேண்டும். இவன் தோசையையே வாங்கித் தட்டில் வைத்திருக்கிறான். கோடு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

பதில்: நல்ல கேள்வி, என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். கோடு கடிகாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமோடும் அதைக் காட்ட வேண்டிய நேரம் வரும். 12.480 நொடி என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரில் ஒலி 12.440-ல் இருந்தால் 40 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். 12.600 ஆகிவிட்டதா, அந்த ஃபிரேமை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். படம்தான் ஒலியைத் துரத்த வேண்டும். ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் கண் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், ஒலி கொஞ்சம் அறுந்தாலும் காதில் குத்தும். இந்த முடிவை உங்கள் புரோகிராம் எடுத்தால் பிளேயரை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். லிப்விஎல்சி எடுத்தால் நீங்கள் எழுதியது முகப்பு. அதுவும் உழைப்புதான், ஆனால் தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: பைத்தான் போதுமா சார்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பொத்தான்களுக்கு எந்த ஐகான் நன்றாக இருக்கும்?

பதில்: ஒலி வந்துவிட்டதா? வந்தபின் கேளுங்கள்.

கேள்வி: தமிழ் சப்டைட்டிலில் 'கொ' உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.

பதில்: எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்திருப்பீர்கள். தமிழுக்கு அது ஆகாது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோக எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற ஒன்று வேண்டும். சப்டைட்டிலை வரையும் லிப்ஆஸை ஹார்ஃப்பஸ்ஸோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள், ஃபைல் யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஆக இருக்கட்டும்.

கேள்வி: ஓடிடி படங்களை இதில் ஓட்டலாமா?

பதில்: அவை பூட்டப்பட்டவை. நான் அதில் இறங்குவதில்லை.

கேள்வி: பி.காம் ஆள்தான் அண்ணா. வேவ் ஃபைலைத் திறந்துவிட்டேன், தொடக்கத்தில் 'ரிஃப்' என்ற பெயர் தெரிகிறது! அதையடுத்த நான்கு பைட்டில் உள்ள அளவு மட்டும் நூறு கோடிக்கு மேல் வருகிறது.

பதில்: அருமை! அந்த நான்கு பைட்டில் சிறிய மதிப்புள்ளதுதான் முதலில் வரும். கடைசியிலிருந்து சேர்த்துப் படியுங்கள், ஃபைலின் அளவைவிட 8 குறைவாக ஓர் எண் வரும்.