பாதி பார்க்கிறாளாம், எந்தப் பாதி?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 46 வயது, களுவாஞ்சிகுடி. பாரிசவாதம் வந்தபிறகு அம்மாவைப் பார்ப்பது நான்தான். அம்மா எனக்குத் தந்த சீதன வீடு என்பதால் நான்தான் பார்க்க வேண்டுமென்று எல்லாரும் முடிவெடுத்துவிட்டார்கள். குளிக்க வார்ப்பது, பம்பர்ஸ் மாற்றுவது, சோறு தீத்துவது எல்லாம் நான். தங்கச்சி காரைதீவில் ரீச்சர். மாதம் ஒருக்கா கிளினிக்குக்குக் கூட்டிப்போவாள், அவ்வளவுதான். லீவில் வந்து அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுப் போனால் ஊரே அவளைப் புகழும். தம்பி கட்டாரிலிருந்து காசு அனுப்புவதோடு சரி.

போன கிழமை தங்கச்சி சொல்கிறாள், "நானும் பாதி பார்க்கிறேன்தானே அக்கா" என்று. பாதியாம்! நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ராவில் தண்ணி விடாய்த்தால்கூட அம்மா என்னைக் கூப்பிடாமல் என் மகளைத்தான் எழுப்புகிறா, என் நித்திரை குழம்பக்கூடாதென்று போல. அவ்வளவு களைத்துவிட்டேன். இதெல்லாம் தங்கச்சிக்கு விளங்குமா? குளிக்க வார்ப்பதும் நான், தீத்துவதும் நான். பிறகு எந்தப் பாதி அவளுடையது?

ஒரு மூத்த மகள்

அன்புள்ள சகோதரி,

உங்கள் பங்குதான் கூட என்பதை நம்புகிறேன். ஆனால் தங்கச்சி பொய் சொல்கிறாள் என்பதை நம்பவில்லை.

1979இல் மைக்கேல் ரோஸ், ஃபியோரே சிகோலி என்ற ஆய்வாளர்கள் கனடாவில் 37 தம்பதிகளிடம் வீட்டுக் காரியங்களில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். கணவனும் மனைவியும் சொன்னதைக் கூட்டினால் பெரும்பாலான காரியங்களில் நூறு வீதத்தைத் தாண்டியது. இதில் தற்பெருமை மட்டும் இல்லை. சண்டையைக் கிளப்புவது போன்றவற்றிலும் தன் பங்கைக் கூட்டியே சொன்னார்கள். தான் செய்தது உடம்பு நோவோடு ஞாபகத்தில் நிற்கிறது. மற்றவர் செய்தது கண்ணில் பட்ட அளவுக்குத்தான். தங்கச்சி கிளினிக்கில் காத்துக்கிடக்கும் நேரம் உங்கள் கடிதத்தில் "அவ்வளவுதான்" ஆகிவிட்டது. அந்தச் சீதன வீடு உங்களுக்கு ஒரு பாரமாக அரை வரியில் வருகிறது. அவள் கடிதம் எழுதினால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவாள்.

சரி, அதை விடுங்கள். என்னை நிறுத்தியது அந்தத் தண்ணீர் விசயம்.

உங்கள்மேல் இரக்கப்பட்டுத்தான் அம்மா மகளை எழுப்புகிறா என்கிறீர்கள். இருக்கலாம். உங்களைக் கூப்பிடப் பயந்தும் இருக்கலாம். கடைசியில் "போல" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அந்தச் சந்தேகம் உங்களுக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மை எடைபோட நம் மனதில் உள்ளதை எடுத்துக்கொள்கிறோம். அம்மாவுக்குத் தெரிவது உங்கள் முகமும் குரலும் மட்டும்தான். முகம் சுளித்தீர்களா இல்லையா என்று சொல்லக்கூடியவர் அவதான். தம்பியோடு போனில் இந்தக் கணக்கையெல்லாம் கதைக்கும்போது அம்மா எங்கே படுத்திருக்கிறா? பாரிசவாதம் காதை அடைப்பதில்லை.

நீங்கள் கெட்ட மகள் இல்லை. நித்திரை இல்லாத மகள். தங்கச்சியிடம் "நீ என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டால் சண்டைதான் வரும். "வெள்ளி, சனி இரவு வந்து அம்மாவோடு படு" என்று கேளுங்கள். பாதி என்று சொன்னவள் மறுப்பது கஷ்டம்.

அதற்கு முன், ராவில் அம்மம்மா என்ன சொல்லி எழுப்புகிறா என்று மகளிடம் தனியாகக் கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் அன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டாம்.