மெடிட்டரேனியன் பக்கத்து இசையெல்லாம் கலந்து பல மொழியில பாடுறவங்கள்ல யாரை முதல்ல கேக்கலாம்?

என்னைக் கேட்டா சுவாத் மாஸி. அல்ஜீரியாவோட தலைநகர் அல்ஜியர்ஸ்ல 1972ல பிறந்தவங்க, குடும்பம் கபைல், அதாவது வட ஆப்பிரிக்காவோட பூர்வகுடியான பெர்பர் இனத்துல ஒரு பிரிவு. பாட்டு பெரும்பாலும் அல்ஜீரிய அரபில இருக்கும், நடுநடுவுல பிரெஞ்சு, கபைல், எப்பயாச்சும் இங்கிலீஷ். பாட்டையும் அவங்களே எழுதுறாங்க.

1990கள்ல அங்க உள்நாட்டுப் போர், பாடகர்களையே சுட்டுக் கொன்ன காலம். அப்போ இவங்க அட்டகோர்னு ஒரு ராக் பேண்டுல அரசியல் பாட்டு பாடிட்டு இருந்தாங்க, கொலை மிரட்டல் வந்துச்சு, அப்புறம் 1999ல பாரிஸ்ல ஒரு கச்சேரிக்குக் கூப்பிட்டாங்கன்னு போனவங்க அங்கயே தங்கிட்டாங்க. 2001ல முதல் ஆல்பம் "ராவி" வந்துச்சு.

கலவை எப்படின்னா, அடித்தளம் அமெரிக்க ஃபோக் மாதிரி ஒத்தை கிட்டார், விரலால மீட்டுறது. அது மேல அல்ஜியர்ஸ் தெருவோட ஷாபி இசை, ஊத்ங்கிற அரபுத் தந்தி வாத்தியம், கொஞ்சம் ஸ்பெயினோட ஃபிளமெங்கோ. ஃபிளமெங்கோ ஒண்ணும் வலிஞ்சு ஒட்டினது இல்லைங்க, ஸ்பெயின்ல இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களும் யூதர்களும் கொண்டுவந்த அந்தலூசிய இசை வட ஆப்பிரிக்காவுல நூற்றாண்டுகளா இருக்கு, ஷாபியே அதுல இருந்து கிளைச்சதுதான். அதனால கேக்கும்போது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாது. இந்த மாதிரி பாட்டுக்கெல்லாம் ஒட்டுற "வேர்ல்டு மியூசிக்" லேபிள் எனக்கு அவ்வளவா பிடிக்காது, எதை வேணா அதுக்குள்ள போட்டுடுறாங்க.

2015ல வந்த "எல் முதகல்லிமூன்" வேற ரகம், முதனப்பி மாதிரி பழைய அரபுக் கவிஞர்களோட வரிக்கு மெட்டுப் போட்டிருக்காங்க. அதை அப்புறம் கேளுங்க, முதல்ல "ராவி", ஹெட்ஃபோன்ல.