பின் டயருக்கு 65 வைக்கலாமா?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மதுரைக்குப் பிக்கப்பில் தக்காளி ஏற்றுகிறேன். 14 கிலோ பெட்டி எழுபது ஏறும். திரும்பும்போது காலி. போன மாதம் நாலு டயரும் மாற்றினேன். பழையது 185 ஆர் 14 அளவு, 6 பிளை (பிளை என்பது டயரின் பலத்தைக் காட்டும் எண்). அதே அளவில் இப்போது 8 பிளை. டயரில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கடையில் நாலுக்கும் காற்று 65 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டார்கள். காலியாக வரும்போது வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, மழையில் பிரேக் பிடித்தால் வழுக்குகிறது. கதவு ஸ்டிக்கரில் முன் 40, பின் 54 என்று இருக்கிறது. அது பழைய டயருக்கு எழுதியதுதானே? எதை நம்புவது?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஸ்டிக்கரை நம்புங்கள் தம்பி. நாளைக் காலையே முன் 40, பின் 54 வைத்துவிடுங்கள்.

முப்பது வருடமாக டயர் வேலை பார்க்கிறேன். புது டயர் போட வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த 65-ஐக் காட்டித்தான் கேட்பார்கள். அந்த எழுத்தை முழுதாகப் படியுங்கள். அதன் பக்கத்திலேயே எடையும் இருக்கும். 8 பிளையில் 102/100 என்று ஓர் எண் பார்ப்பீர்கள். 102 என்றால், ஒற்றை டயராக ஓடும்போது 850 கிலோ வரை தாங்கும். அந்த 850 கிலோவைத் தாங்கத்தான் 65 வேண்டும். உங்கள் பழைய 6 பிளைக்கு 99, அதாவது 775 கிலோ. அதற்கு 54 போதும்.

எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. அதே அளவு டயரில் 54 வைத்தால் 6 பிளையும் 8 பிளையும் கிட்டத்தட்ட ஒரே எடையைத்தான் தாங்கும். அதனால் பிளை கூடியதற்காகக் காற்றைக் கூட்ட வேண்டியதில்லை. அளவே வேறாக மாற்றியிருந்தால் கதை வேறு. டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைக் கேட்டு வாங்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒருமுறை லோடோடு எடை மேடைக்குப் போய்ப் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி எடை பாருங்கள். 54-இல் இரண்டு பின் டயரும் சேர்ந்து 1,550 கிலோ தாங்கும். அதைத் தாண்டினால் பெட்டியைக் குறையுங்கள். 65 ஏற்றினால் டயர் தாங்கிவிடும், சரி. ஆனால் ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, பிரேக் எல்லாம் பழையபடிதானே இருக்கின்றன?

காலி வண்டியில் 65 இருந்தால் டயர் முகப்பின் நடுப்பகுதிப் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) மட்டும்தான் ரோட்டைத் தொடும். மழையில் வழுக்குவது அதனால்தான். இப்படியே ஓட்டினால் நடுவில் சீக்கிரம் வழித்துவிடும்.

இன்னொன்று, இது நான் பட்டு அறிந்தது. ஒரு மே மாத மதியம் லோடோடு ஓடிவந்த வண்டியில் கேஜ் வைத்தேன், 60 காட்டியது. கூடுதல் என்று நினைத்து 54-க்கு இறக்கிவிட்டேன். மறுநாள் காலை 48-தான் இருந்தது. அதோடு லோடு ஏற்றி ஓட்டியதில் பின் டயர் பக்கவாட்டில் சூடேறிப் பிரிந்துபோனது. ஓடிய டயரில் காற்று ஏறித்தான் காட்டும், அதை இறக்கவே கூடாது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்கள். விடியற்காலை மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் பார்ப்பதுதான் உங்களுக்குத் தோது. பஞ்சர் கடை கேஜை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள். மதுரையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதும் காற்றைத் தொடாதீர்கள். காலி வண்டிக்குக் கையேட்டில் தனி அளவு கொடுத்திருந்தால் மட்டும், வண்டி ஆறிய பிறகு அதை வைக்கலாம்.

அப்புறம், ஸ்டெப்னி பழைய 6 பிளைதானே? அதற்கும் 65 ஏற்றியிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். அதற்கு 54-தான் உச்சம்.