மகள் புலனாய்வுத்துறைதான் வேண்டும் என்கிறாள்: மஸ்கெலியா தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அக்கா,

உயர்தரம் எழுதி முடித்த மகள் புலனாய்வு வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுடைய அப்பா "தோட்டத்து லயத்துக்குள்ள இருந்துகிட்டு சி.ஐ.டி. வேலையா?" என்று சத்தம் போடுகிறார். இடையில் ஹட்டன் ஆள் ஒருவர் 3 இலட்சம் கொடுத்தால் உள்ளே எடுத்துவிடலாம் என்கிறார். முதலில் இந்தக் கடைசி விஷயத்தை முடித்துவிடுவோம். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காசு வாங்கி ஆள் சேர்த்துத் தருகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர், அவ்வளவுதான். முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

இப்போது மகளின் ஆசைக்கு வருகிறேன். அரச புலனாய்வுச் சேவை, இராணுவப் புலனாய்வு, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆகிய மூன்றையும் நம் ஆட்கள் 'சி.ஐ.டி.' என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பேசுவார்கள். இவற்றில் எதுவும் உயர்தரம் முடித்த பிள்ளை விண்ணப்பம் போட்டு நேரே ஏறும் படி இல்லை. வழக்கமாகப் பொலிஸிலோ முப்படையிலோ சேர்ந்து, சில வருடம் வேலை காட்டியவர்களைத்தான் அந்தப் பக்கம் எடுப்பார்கள். ஆகவே அவள் இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாழ்நாள் முழுக்கச் சாதாரண பொலிஸ் உத்தியோகத்தராகவே இருக்க நேர்ந்தாலும் சம்மதமா? சம்மதம் என்றால் உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு முயலலாம். அதற்கு உயர்தரச் சித்தி வேண்டும். கொன்ஸ்டபிளுக்குச் சாதாரண தரம் போதும். உயரம், வயது, ஓட்டம், எழுத்துப் பரீட்சை எல்லாம் அரசாங்க வர்த்தமானியில் வரும். அது வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது, இணையத்தில் தமிழிலும் பார்க்கலாம். சம்மதம் இல்லை என்றால் இந்தப் பாதை வேண்டாம். ஆசைப்பட்ட பிரிவு கிடைக்காமல் காக்கிச் சட்டையை வெறுத்துக்கொண்டு காலம் தள்ளுவது பெரிய தண்டனை.

அவளுக்கு உண்மையில் பிடித்தது எது என்றும் பாருங்கள். சீருடையா, இல்லை துண்டு துண்டாகக் கிடைக்கும் தகவலைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவதா? இரண்டாவது என்றால் இன்னொரு கதவு இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. இலங்கை மத்திய வங்கியில் நிதியியல் உளவறிதல் பிரிவு என்று ஒன்று இயங்குகிறது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வந்தது. 10 இலட்சம் ரூபாவுக்கு மேல் காசாகக் கை மாறினால் வங்கிகள் அதற்கு அறிவிக்க வேண்டும். தொகை சின்னதாக இருந்தாலும் சந்தேகம் என்றால் தனியாக அறிக்கை போக வேண்டும், அப்படிப் போனதை வாடிக்கையாளரிடம் மூச்சு விடக்கூடாது. இதைக் கவனிக்கவென்றே ஒவ்வொரு வங்கியும் ஓர் இணக்க உத்தியோகத்தரை நியமிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கணக்கியல், பொருளியல், சட்டம் படித்த பிள்ளைக்கு இது துப்பாக்கி இல்லாத புலனாய்வு. கணினியில் கெட்டிக்காரி என்றால் இணையப் பாதுகாப்புத் துறையும் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கலாம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சீருடை இல்லாத மாணவர்களையும் சேர்க்கிறார்கள், ஆனால் கட்டணம் கட்ட வேண்டும். கடன் வாங்கி அங்கே அனுப்பச் சொல்லமாட்டேன்.

அப்பாவின் பயத்தை நான் சிரித்துத் தள்ளப்போவதில்லை. 1979இல் தற்காலிகம் என்று வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மலையகப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். அந்தக் காலத்தைக் கண்ட மனிதர் அவர். "நம்ம ஆளையே காட்டிக்கொடுக்கவா?" என்று அவர் கேட்டால் மகள் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு லயத்தில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். என் பக்கத்தில் ஒன்று சொல்வேன்: முறைப்பாட்டுக்காரர் தமிழில் சொல்ல, எதிரில் இருப்பவர் சிங்களத்தில் எழுத, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கீழே கையெழுத்து வைத்துவிட்டு வருவது நம் பக்கத்தில் புதிதில்லை. அந்த மேசையின் மறுபக்கத்தில் இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த ஒரு பெண் இருந்தால் வித்தியாசம் இருக்கும்.

அதற்கு அவளுடைய கடைத்தெருச் சிங்களம் போதாது. வாசிக்கவும் எழுதவும் வேண்டும். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் இந்த மாதங்கள் இதற்கென்றே அமைந்தவை. தினமும் ஒரு சிங்களச் செய்தியை வாசித்துத் தமிழில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு பயிற்சி. மேல் டிவிசனை வெளியாருக்குக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்புகிறது என்று வையுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? தோட்டத் துரை வாயால் கேட்டவர் யாராவது உண்டா? கண்டது எது, கேள்விப்பட்டது எது, தானாக ஊகித்தது எது என்று மூன்றாகப் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதட்டும். எழுதியதை ஊரில் காட்ட வேண்டாம், வீண் சண்டை வரும்! இப்படிப் பிரித்து எழுதுவதுதான் இந்த வேலையின் முக்கால்வாசி. மீதி, அதை உரியவரிடம் சேர்ப்பது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைப் பற்றி இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே தகவல் வந்துவிட்டது. குண்டு வெடித்தது 21ஆம் திகதி. தகவல் கையில் இருந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரை 7.5 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. ஒட்டுக்கேட்பதில் இல்லை திறமை. கிடைத்ததை உரியவர் எழுந்து நடவடிக்கை எடுக்கும்படி சொல்வதில் இருக்கிறது.

எந்தக் கதவானாலும் பின்னணி விசாரணை வரும். நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் அப்பா 'ராமையா', அடையாள அட்டையில் 'ராமய்யா', பாடசாலைப் பதிவில் முதலெழுத்தே வேறு. மூன்றையும் இந்த வாரமே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் போய்த் திருத்தத்துக்குக் கொடுங்கள், அது இழுக்கும். முகநூலில் "வருங்கால புலனாய்வு அதிகாரி" என்று போட்டிருந்தால் மகளே எடுத்துவிடட்டும்.

தபால் விஷயமும் இருக்கிறது. தோட்ட அலுவலகத்துக்கு வந்து, பிறகு தோட்டத்துக் கடிதம் சுமக்கும் தப்பால்காரர் கைக்குப் போய், லயத்துக்கு வந்து சேர்வதற்குள் நேர்முகப் பரீட்சைத் திகதி தாண்டிவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். டவுனில் நம்பிக்கையான சொந்தக்காரர் முகவரி இருந்தால் விண்ணப்பத்தில் அதைப் போடச் சொல்லுங்கள். பெறுபேறு வந்ததும் பாடங்களையும் இசட் புள்ளியையும் எழுதி அனுப்புங்கள், எந்தப் பட்டப்படிப்பு பொருந்தும் என்று பார்க்கலாம்.