டிராகன் எத்தனை மூட்டை சுமக்கும்? ஒரு மாயாஜாலக் காமிக்ஸ் எழுத்தாளரின் கேள்வி பதில்

வணக்கம். நான் மாயாஜாலக் காமிக்ஸ்களுக்குக் கதை எழுதுகிறவன், வரைகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகள் குறையும். இப்போது கையில் இருப்பது, டிராகன் மேல் ஏறித் தபால் கொண்டுபோகும் ஒரு பெண்ணின் கதை. மொத்தம் ஒன்பது தீவுகள். மூன்று இதழ்கள் வந்துவிட்டன, நான்காவது ஓவியரிடம் இருக்கிறது. கேளுங்கள்.

கேள்வி: நான்காவது இதழ் எப்போது வரும்?

பதில்: 24 பக்கங்களில் 11 வரைந்தாகிவிட்டது. அப்புறம் வண்ணம், அப்புறம் எழுத்துப் பதிப்பு. தேதி சொன்னால் உடனே அது தள்ளிப்போகும், அதனால் சொல்லமாட்டேன்.

கேள்வி: ஓவியருக்கு ஸ்கிரிப்ட் எப்படி எழுதித் தருவீர்கள்? எவ்வளவு விவரம் இருக்கும்?

பதில்: இப்படிக் கேட்டால் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதுவேன். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள். ஆரம்பத்தில் ஒரு கட்டத்துக்கு, “அவள் கதவைத் திறந்து, கடிதத்தை எடுத்துப் படித்து, அழுகிறாள்” என்று எழுதியிருந்தேன். “இதில் எந்த நொடியை வரையட்டும்?” என்று ஓவியர் கேட்டார். அன்றிலிருந்து ஒரு கட்டத்துக்கு ஒரு செயல்தான். மற்றவை கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில் நடக்கட்டும், வாசகர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது, முதலில் பேசுகிறவர் கட்டத்தின் இடப்பக்கம் நிற்க வேண்டும். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆட்களை மாற்றி நிறுத்தினால் வசனக் குமிழிகளின் வால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதிர்ச்சியான காட்சியை இரட்டைப்படைப் பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில்தான் வைப்பேன். தாளைத் திருப்பினால்தான் அது கண்ணில் படும். வலப்பக்கத்தில் வைத்தால், இடப்பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. நம் சொற்கள் நீளம். “கொண்டுவந்திருக்கிறார்களாம்” என்று ஒரு சொல் வந்தாலே குமிழி வீங்கிவிடும். மேலே கீ, கீழே கு என்று குறிகள் நீள்வதால் வரிகளுக்கு நடுவிலும் இடம் விட வேண்டும். ஒரு குமிழிக்கு 12 சொற்கள் என்பது என் கணக்கு. மிஞ்சினால் வசனத்தை வெட்டுவேனே தவிர எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லமாட்டேன்.

கேள்வி: 500 வருட வரலாறு, நான்கு அரச வம்சங்கள், 12 பாகங்கள் என்று ஒரு கதை வைத்திருக்கிறேன். படித்துக் கருத்துச் சொல்வீர்களா?

பதில்: மாட்டேன். முதலில் எட்டுப் பக்கத்தில் முடிகிற ஒரு கதை எழுதுங்கள்.

கேள்வி: உயிரியல் மாணவன் நான். உங்கள் டிராகனுக்கு நான்கு கால், இரண்டு இறக்கை. முதுகெலும்பு உள்ள விலங்குகளில் ஆறு உறுப்பு கிடையாதே? பறவைக்கும் வௌவாலுக்கும் முன்கால்தான் இறக்கையானது.

பதில்: உண்மைதான். மாயாஜாலம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எடை விஷயத்தில் அப்படித் தப்பிக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எங்கள் டிராகன் ஒரு பெண்ணையும் இரண்டு தபால் மூட்டைகளையும்தான் சுமக்கும். மூன்றாவது மூட்டை ஏற்றினால் கிளம்பாது. அந்த ஒரு விதியில்தான் மொத்தக் கதையும் ஓடுகிறது. எந்த ஊர்க் கடிதத்தை விட்டுவிட்டுப் போவது என்று அவள் ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் டிராகனை இன்னும் பெரிதாக வைத்திருக்கலாமே?

பதில்: உருவத்தை இரண்டு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்கு. பெருத்துக்கொண்டே போனால் பறக்கவே முடியாது. பெரிய விலங்கின் எலும்பு ஏன் அவ்வளவு தடிமன் என்று கலிலியோ 1638-இலேயே படம் போட்டு விளக்கியிருக்கிறார். பறந்த விலங்குகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று குவெட்சால்கோட்லஸ், டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன. இறக்கை விரித்தால் 10, 11 மீட்டர், எடை 200 முதல் 250 கிலோ இருக்கும் என்கிறார்கள். மடக்கிய இறக்கைகளைத் தரையில் ஊன்றி நான்கு காலாலும் எம்பிக் கிளம்பியிருக்கும் என்று ஒரு கருத்து உண்டு. முதல் இதழில் டிராகன் கிளம்பும் காட்சி அதைப் பார்த்து எழுதியதுதான்.

கேள்வி: டிராகன் நெருப்பு கக்குமா?

பதில்: கக்காது. தபால் எரிந்துவிடும்.

கேள்வி: (அதே மாணவன்) ஆறு உறுப்புக்கு வழி இருக்கிறது. டிராகோ என்று ஒரு பல்லி இனம். அதன் இறக்கை முன்கால் இல்லை, நீண்ட விலா எலும்புகளுக்கு இடையே விரியும் தோல். நான்கு காலும் அப்படியே இருக்கும்!

பதில்: அட! இது எனக்குத் தோன்றவே இல்லை. ஓவியருக்கு இப்போதே செய்தி அனுப்புகிறேன்.

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டிராகோ பறக்காது. மரத்திலிருந்து குதித்து மிதந்து இறங்கும், அவ்வளவுதான். விலா எலும்பை வைத்துச் சிறகடிக்க முடியாது.

பதில்: சண்டை போடுங்கள், நான் குறிப்பு எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்வதுபோல் மிதக்க மட்டும்தான் முடியும் என்றால் தபால் நிலையங்கள் எல்லாம் மலை உச்சியில்தான் இருக்க வேண்டும். எங்கள் ஐந்தாவது தீவில் மலையே கிடையாது. அங்கே இறங்கினால் திரும்ப எப்படிக் கிளம்புவது? முதல் இதழில் தரையிலிருந்து எம்பியதே என்று கேட்பீர்கள். அது வளர்ந்த டிராகன். மிதக்க மட்டும் தெரிந்த குட்டி ஒன்று அவளிடம் வந்து சேர்ந்தால்? நண்பர்களே, எனக்கு ஐந்தாம் இதழ் கிடைத்துவிட்டது.

கேள்வி: நான்காவது இதழ் எப்போது?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: எனக்கு வரைய வராது. ஓவியரிடம் எப்படிப் புரியவைப்பது?

பதில்: குச்சி மனிதர்கள் போதும். பக்கத்துக்கு ஒரு சிறு கட்டப்படம் கிறுக்கிப் பாருங்கள். வசனத்துக்கு இடமே இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். எட்டுப் பக்கக் கதையில் தொடங்குங்கள்.

கேள்வி: பதிப்பகம் ஒன்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: என்னிடம் கேட்காதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள். கதாபாத்திரத்தின் உரிமை யாருக்கு என்ற பத்தியை மட்டும் மூன்று முறை படியுங்கள். நான் ஒரு முறைகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான் உருவாக்கிய ஒரு மந்திரவாதிப் பாட்டி இப்போது என்னுடையவள் இல்லை.

கேள்வி: எழுத்து தவிர எதில் பைத்தியம்?

பதில்: பழைய கடல் வரைபடங்கள். ஓலாஸ் மாக்னஸ் வரைந்த கார்ட்டா மரினா 1539-இல் வெனிஸில் அச்சானது. ஒன்பது மரக்கட்டைகளில் செதுக்கிய வட ஐரோப்பிய வரைபடம். கடல் முழுக்க அரக்க மீன்கள். ஒரு மூலையில் மாலுமிகள் திமிங்கிலத்தைத் தீவு என்று நினைத்து, நங்கூரம் போட்டு, அதன் முதுகில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேள்வி: 20 பாகக் கதை ஒன்று...

பதில்: எட்டுப் பக்கம்!

கேள்வி: மூன்று இதழ்களின் வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழாவது தீவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இப்போது திமிங்கிலக் கதை வேறு சொல்கிறீர்கள். அப்படியானால்...

பதில்: ஓவியர் அளவுகோலைத் தவறாக வைத்திருப்பார். அடுத்த கேள்வி.

கேள்வி: நான்காவது இதழ் எப்போது?

பதில்: ஆகா, நல்ல கேள்வி! விரிவாகவே சொல்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பென்சில் வேலை நடக்கிறது...