பொம்பிளைக்குக் காசு கொடுக்கும் கலியாணங்கள்: லோயர் அக்காவிடம் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் குடும்ப வழக்குப் பேசும் சட்டத்தரணி நான். கலியாணம் என்ற பெயரில் பெண்களை விற்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இன்றிரவு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். புறோக்கரிடம் பாஸ்போட்டைக் கொடுக்காதீர்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப்போகிறேன்.

சாவகச்சேரி: அக்கா, எங்களுக்குள் பெண்வீடுதானே சீதனமும் டொனேசனும் கொடுக்கிறது. மாப்பிள்ளை வீடு காசு கொடுக்கிற ஊர்க்கதை எங்களுக்கு எதற்கு?

சீதனம் கொடுக்க வழியில்லாத வீட்டுக்குத்தான் அந்தக் கதை முதலில் வரும். தகப்பன் இல்லை, மூன்று பெட்டைகள், நுண்கடன் வேறு. "ஒரு சதம் வேண்டாம், டிக்கெட்டும் அவர்களே, உங்கள் கடனையும் அடைப்பார்கள்" என்று ஒருவர் வந்தால் நல்லூரானே அனுப்பிய ஆள் மாதிரி இருக்கும். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஏழைக் கிறிஸ்தவ வீடுகளுக்குச் சீன மாப்பிள்ளைகளின் புறோக்கர்கள் இப்படித்தான் போனார்கள். மாப்பிள்ளை கிறிஸ்தவர், வசதியானவர் என்றார்கள். சீனாவில் இறங்கிய பிறகுதான் பல பெண்களுக்கு இரண்டும் பொய் என்று தெரிந்தது. இப்படி அனுப்பப்பட்ட 629 பேரின் பட்டியல் 2019இல் வெளியே வந்தது. அதே வருடம் பைசலாபாத் நீதிமன்றம் கடத்தல் வழக்கில் 31 சீனர்களை விடுதலை செய்தது. சாட்சி சொல்லவேண்டிய பெண்கள் பலர் பின்வாங்கிவிட்டார்கள்.

சீனாவில் 2020 கணக்கெடுப்பின்படி பெண்களைவிட ஆண்கள் ஏறக்குறைய மூன்றரைக் கோடி அதிகம். ஒரு பிள்ளைச் சட்டமும், அந்த ஒன்றும் ஆணாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதமும் சேர்ந்து செய்த வேலை. ஊர்ப் பெண்ணைக் கட்ட மாப்பிள்ளை வீடு பெரிய பரிசப்பணம் கட்டவேண்டும். கிராமத்து விவசாயிக்கு அது பல வருட உழைப்பு. எல்லைக்கு அப்பால் இருந்து புறோக்கர் கொண்டுவரும் பெண் அதைவிட மலிவு. மியன்மாரின் கச்சின் பெண்களை வேலை என்று கூட்டிப்போய் 3,000 முதல் 13,000 டொலர் வரை விற்றதை ஹியூமன் ரைட்ஸ் வாச் என்ற மனித உரிமை அமைப்பு 2019இல் எழுதியது. காசைக் கொடுத்த வீட்டுக்கு அவள் மருமகள் இல்லை, வாங்கிய சாமான். அறையில் பூட்டிவைத்தார்கள். பிள்ளை பெற்றபின் தப்பிய சிலர் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

நெல்லியடி: வெளிநாட்டு மாப்பிள்ளையை எப்படி விசாரிப்பது?

அந்த நாட்டில் இருக்கும் உங்கள் சொந்தம் ஒருவர் அவருடைய வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நேரே போகவேண்டும். வீடியோ கோலில் எல்லா மாப்பிள்ளையும் வடிவுதான். முன்பே ஒரு கலியாணம் நடந்ததா, அது முறிந்ததா என்பதற்குக் கடதாசி கேளுங்கள். பிள்ளை அவருடன் தனியே, புறோக்கர் பக்கத்தில் இல்லாமல், பேசட்டும். பாஸ்போட் பிள்ளையின் கையில், பிரதி தாயின் கையில்.

சோனகதெரு: எங்கள் மஹரும் பெண்ணுக்கு விலைதானா, மிஸ்?

இல்லை. முஸ்லிம் கலியாணத்தில் மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் பெண்ணுக்கே உரியது. தகப்பனுக்கோ தமையனுக்கோ அதில் பங்கில்லை. காசு யாருடைய கைக்குப் போகிறது என்பதுதான் வித்தியாசமே.

கரவெட்டி மாஸ்டர்: தமிழரிடமும் பரிசம் போடும் வழக்கம் இருந்தது. சீதனத்தைவிட அதுவே மேல், பெண்ணுக்கு ஒரு பெறுமதி உண்டு என்று அர்த்தம். இதைக் கடத்தலோடு முடிச்சுப் போடுவது சரியில்லை.

மாஸ்டர், பரிசம் வாங்கியவர் எல்லாம் கடத்தல்காரர் என்று நான் எழுதவில்லை. இரண்டு கேள்விதான் கேட்கிறேன். அவள் மாட்டேன் என்று சொல்லலாமா? பிறகு பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரலாமா? 1956ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை ஒன்று, மறுக்கும் உரிமையில்லாத பெண்ணைக் காசுக்கோ பொருளுக்கோ கட்டிக்கொடுப்பதை அடிமைத்தனத்தை ஒத்த வழக்கங்களோடு சேர்க்கிறது. உகண்டாவில் பிரிய நினைத்த பெண்ணின் தகப்பன் பரிசமாக வாங்கிய மாட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. மாடு எப்போதோ விற்றாகிவிட்டது, எங்கே போவாள்? 2015இல் அங்கத்தைய உச்ச நீதிமன்றம் பரிசத்தை விட்டுவைத்தது. திருப்பிக் கேட்பதை மட்டும் அரசியலமைப்புக்கு முரண் என்றது.

கரவெட்டி மாஸ்டர்: பெண்கள் குறைந்தால் மதிப்புத் தானாகக் கூடும். புறநானூற்றில் மகட்பாற்காஞ்சியைப் பாருங்கள், அரசனே வந்து கேட்டும் தகப்பன் கொடுக்கவில்லை!

தகப்பன் கொடுக்கவில்லை, சரி. அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா? ஹரியானாவில் 2011இல் 1000 ஆணுக்கு 879 பெண்கள்தான். மதிப்பு எங்கே கூடியது? அசாம், வங்காளம், ஜார்க்கண்டில் இருந்து பெண்களை வாங்கி வந்தார்கள். அவர்களை ஊரில் 'மோல்கி' என்பார்கள், விலைக்கு வாங்கியவள் என்று பொருள். பிள்ளைகள் பெற்று, வயல் வேலை செய்து, கிழவியானாலும் அவள் மோல்கிதான். விலைதான் கூடுகிறது, மாஸ்டர். சீதனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அந்தச் சண்டையை இன்னொரு நாள் பிடிப்போம்.

மானிப்பாய்: கனடா மாப்பிள்ளையை எப்படி விசாரிப்பது?

நெல்லியடிக்குச் சொன்னதுதான்.

வல்வெட்டித்துறை: விற்பவனைப் பிடிக்கிறார்கள், வாங்குபவனை ஏன் விடுகிறார்கள்?

நல்ல கேள்வி. சீனச் சட்டத்தில் பெண்ணை விற்றால் மரண தண்டனை வரை போகலாம். வாங்கினால் அதிகபட்சம் மூன்று வருடம். 2022இல் பெங் மாவட்டத்தில் கழுத்தில் சங்கிலியோடு ஒரு பெண்ணின் வீடியோ வந்தது, எட்டுப் பிள்ளைகளின் தாய். புருஷனுக்கு அடுத்த வருடம் ஒன்பது வருடச் சிறை. அதுவும் கொடுமைப்படுத்தியதற்கும் அடைத்துவைத்ததற்கும். எங்கள் தண்டனைச் சட்டக் கோவையின் 360சி பிரிவில் விற்பதும் வாங்குவதும் ஒரே குற்றம், 2 முதல் 20 வருடம் வரை.

கிளிநொச்சி: பிள்ளைக்கு 16. தாய் தகப்பன் சம்மதித்தால்?

முடியாது. 1995இல் இருந்து பொதுத் திருமணச் சட்டத்தில் வயது 18. யார் சம்மதித்தாலும் மாறாது. அவசரம் என்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுங்கள்.

கோண்டாவில்: வெளிநாட்டு மாப்பிள்ளையை விசாரிக்க ஏதாவது வழி?

மேலே வாசியுங்கள், தம்பி. மூன்றாவது ஆள் நீங்கள்.

சுன்னாகம்: அன்ரி, விசா வேலைக்கு என்று புறோக்கர் தங்கச்சியின் பாஸ்போட்டை வாங்கிவிட்டார். கலியாண எழுத்து (பதிவு) இன்னும் நடக்கவில்லை.

நாளைக் காலை போய்த் திருப்பிக் கேளுங்கள். அம்மாவைத் தனியே அனுப்பவேண்டாம், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். "அடுத்த கிழமை" என்றால் அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதுங்கள், பெண்கள் உதவி இலக்கம் 1938க்கும் எடுங்கள். பாஸ்போட் கைக்கு வரும்வரை எழுத்துக்கு நாள் வைக்காதீர்கள். வாங்கிய பிறகு இங்கே ஒரு வரி போடுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.