மனதுக்குள் பேசுவதும் வாய்விட்டுப் பேசுவதும் மூளைக்கு ஒன்றுதானா?

கேள்வி: மனதுக்குள் பேசிக்கொள்ளும்போதும் வாய்விட்டுப் பேசும்போதும் மூளையில் ஒரே வேலைதான் நடக்கிறதா? பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு இரண்டில் எது நல்லது?

பெரும்பகுதி ஒரே வேலைதான். ஆனால் நம்மில் பலர் நினைப்பதுபோல, மனதுக்குள் பேசுவது சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்ட பேச்சு அல்ல.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் என் உதடுதான். மளிகைச் சீட்டைக் கூட்டும்போது அது தானாக அசையும். வீட்டில் "என்ன, மந்திரம் ஓதுறியா?" என்பார்கள். கேட்பவர்களுக்குக் கிண்டலாக இருந்தாலும், ஒரு காலத்தில் உளவியலாளர்கள் இதை வைத்துப் பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான் வாட்சன் 1913-இல், சிந்தனை என்பதே குரல்வளையில் நடக்கும் நுண்ணிய தசை அசைவுதான் என்கிற அளவுக்குப் போனார். அதாவது தொண்டை அசையாவிட்டால் யோசனையும் இல்லை!

இதற்குப் பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அம்பு நுனியில் தடவும் விஷமாக இருந்து, பிறகு அறுவை அரங்குக்குள் தசை தளர்த்தும் மருந்தாக வந்தது கியூராரே. அது நினைவையும் மயக்குமா, தசையை மட்டும் கட்டிப்போடுமா என்று மயக்க மருத்துவர்களுக்குள் குழப்பம். ஸ்காட் ஸ்மித் என்பவர் அந்த மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். உடலில் ஒரு தசையும் அசையவில்லை, மூச்சைக்கூடச் செயற்கையாகத்தான் கொடுத்தார்கள். மருந்தின் வேகம் தணிந்ததும், சுற்றி நடந்ததையும் பேசியதையும் அவர் தெளிவாகச் சொன்னார். 1947-இல் இது ஆய்விதழில் வெளியானது. தசையெல்லாம் கட்டுண்டு கிடந்தபோதும் உள்ளே யோசனை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி கொடுக்காது.)

அப்படியானால் உள்பேச்சு எங்கே நடக்கிறது? பால் ப்ரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-இல், 'டான்' என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் சொல்ல முடியாமல் போன ஒரு நோயாளியின் மூளையைச் சோதித்து, இடது முன்பகுதியில் பழுதடைந்த இடத்தைக் காட்டினார். அதுதான் ப்ரோகா பகுதி. மனதுக்குள் பேசினாலும் வெளியே பேசினாலும் அது வேலை செய்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை: மூளையின் மேற்பரப்பில் மின்முனை வைத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், சொல் வாயிலிருந்து வெளிவரும் நேரத்தில் ப்ரோகா பகுதி அமைதியாகிவிட்டிருந்தது. பேச்சைத் தயார் செய்து கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. நாக்கையும் உதட்டையும் ஓட்டுவது இயக்கப் புறணியின், அதாவது தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் மூளைப் பகுதியின், பொறுப்பு. பக்கவாதத்தில் நாக்கு, உதடு அசைக்கும் திறன் மட்டும் போனவர்களுக்கு உள்பேச்சு பெரும்பாலும் அப்படியே இருப்பதும் இதனால்தான்.

சரி, இயக்கப் புறணி உள்பேச்சில் சும்மா இருக்குமா? இருக்காது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், தெளிவாகப் பேச முடியாமல் போன நால்வரின் இயக்கப் புறணியில் நுண் மின்முனைகள் இருந்தன. பேச முயலும்போது எழும் அதே வகை மின்சமிக்ஞைகள் மனதுக்குள் சொல்லும்போதும் எழுந்தன, ஆனால் மெலிதாக. 1,25,000 சொற்கள் கொண்ட தொகுதியிலிருந்து, மனதில் நினைத்த வாக்கியத்தைக் கணினி அதிகபட்சம் 74 சதவீதத் துல்லியத்தில் படித்தது. திரையில் இருந்த வட்டங்களை எண்ணச் சொன்னபோது, 'மனதுக்குள் சொல்லுங்கள்' என்று கேட்காமலேயே அந்த எண்ணிக்கையின் தடம் சிக்கியது. இது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அந்த ஆய்வாளர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கடவுச்சொற்றொடரை மனதில் நினைத்தால்தான் கருவி திறக்கும்படியும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விடச் சுவையான பகுதி காதுப் பக்கம் இருக்கிறது. நாம் பேசும்போது, வாய்க்குப் போகும் கட்டளையின் ஒரு நகல், ஒலியை உணரும் மூளைப் பகுதியான செவிப் புறணிக்கும் போகிறது: 'இப்போது இந்தச் சத்தம் வரப்போகிறது, அது நம்முடையதுதான்.' சத்தம் வந்து ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடியில் செவிப் புறணியில் ஒரு மின் அலை எழும். நாமே பேசும்போது அது சிறியதாக இருக்கும். அதே குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினால் பெரியதாகிவிடும். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதே ஏற்பாட்டால்தான்.

இந்த நகல் உள்பேச்சிலும் போகிறதா என்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் பார்த்தார்கள். குறித்த நொடியில் மனதுக்குள் 'பா' என்றோ 'பீ' என்றோ சொல்ல வேண்டும். அதே நொடியில் காதுக்கருவியில் ஏதாவது ஓர் ஒலி வரும். நினைத்த ஒலியும் கேட்ட ஒலியும் ஒன்றாக இருந்தால் அலை சிறுத்தது. வேறாக இருந்தால் சிறுக்கவில்லை. உதடு அசையவில்லை, சத்தம் எழவில்லை, ஆனாலும் மூளை தன் காதுக்குத் தகவல் சொல்லிவிட்டது. மனச்சிதைவு நோயில் சிலருக்குக் கேட்கும் குரல்கள், 'இது என்னுடையது' என்ற இந்த முத்திரை விழாமல் போன சொந்த உள்பேச்சாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தீவிரமாகப் பார்க்கும் ஒரு கருத்து.

உள்பேச்சு எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சிலருக்கு அது மிகக் குறைவு. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்டவர்கள், இரண்டு படங்களைப் பார்த்து அவற்றின் பெயர்கள் ஒரே ஓசையில் முடிகின்றனவா என்று சொல்வதிலும், சொற்பட்டியலை நினைவில் வைப்பதிலும் சற்றுப் பின்தங்கினார்கள். அதற்காக அவர்கள் யோசிக்காதவர்கள் என்று அர்த்தமில்லை.

உங்கள் உள்பேச்சு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமா? யாரையாவது ஒரு புதிய அலைபேசி எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரையும், முடிந்த பிறகு சில நொடிகளும் நீங்கள் 'தா தா தா' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருங்கள். எண் கையைவிட்டு நழுவும். மனதுக்குள் திருப்பிச் சொல்லும் பாதையை வாய் அடைத்துவிட்டது.

இப்போது பரீட்சை. வாய்விட்டுப் படித்த சொற்கள் மௌனமாகப் படித்தவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று கனடாவின் காலின் மெக்லியோடும் அவர் குழுவும் 2010-இல் பல சோதனைகளில் காட்டினார்கள். ஆனால் இரண்டையும் கலந்து படிக்கும்போதுதான் அந்த லாபம் தெளிவாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தால் எதுவும் தனித்து நிற்பதில்லை. ஆகவே பாடம் முழுவதையும் தெருவுக்கே கேட்கும்படி ஒப்பிக்கத் தேவையில்லை. மௌனமாகப் படித்துக்கொண்டே போய், சூத்திரம், ஆண்டு, வரையறை வருகிற இடத்தில் மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் தொண்டைக்கும் ஓய்வு, பக்கத்து வீட்டுக்கும் நிம்மதி.